இந்த வண்டியில் என்ன ஏறும்

“அவளே பண்ணட்டும். பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் நம்ம மண்டபத்து வாசல்ல கொண்டாந்து நிறுத்திக்கலாம்.”

புண்ணாக்குக் கடையில், அடுக்கிய மூட்டைகளுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். அஞ்சுகத்தின் அண்ணன், கல்யாண மண்டபம் நடத்தும் லோகநாதனின் குரல்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பழைய வண்டியின் முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி எடுத்தால் போட்டோ நன்றாக விழும் என்றார்.

“இன்ஜினைக் கழட்டிட்டு அந்த இடத்துல லைட்டு வெச்சரலாம்” என்றார் அண்ணன்.

மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்ற அஞ்சுகம், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினாள்.

*

நசீமா தன் வீட்டு வாசலிலேயே டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். அஞ்சுகம் போனபோது ஒரு லாரிக் கதவைத் தரையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

அஞ்சுகம் அவரை அக்கா என்பாள். அவரும் அஞ்சுகத்தை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

நசீமா தட்டுவதை நிறுத்தவில்லை.

“வண்டியை நல்லாச் செஞ்சா எங்க அண்ணன் எடுத்துக்குவாரு. செய்யாம விட்டா துரு எடுத்துக்கும். நான் என்ன பண்ணட்டும்?”

சுத்தியல் நின்றது.

“அந்த வண்டில என்ன ஏறும்?”

“என்னங்க்கா?”

“பின்னாடி பெட்டி இருக்கில்ல. அதுல என்ன ஏறும்?”

அஞ்சுகம் யோசிக்கவே இல்லை. “ஒண்ணும் ஏற வேண்டாங்க்கா. அது உழைச்சதெல்லாம் போதும்.”

நசீமா மறுபடியும் தட்டத் தொடங்கினார்.

*

அது அவள் அப்பாவின் பிக்கப் வண்டி. நீண்ட மூக்கு. உருண்டைக் கண்கள் போல இரண்டு விளக்குகள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த இரும்புப் பெட்டி.

அப்பா காலத்தில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் ஆடுகள். ஆடுகளோடு பெண்கள்.

அது ஓடாமல் நின்ற பிறகு அப்பா அதை மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஓடாத வண்டி என்பதால் யாரும் குறுக்கே பேசவில்லை.

அஞ்சுகம் லைசென்ஸ் எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஓட்டத்தான் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா போன பிறகு தோட்டத்து வீட்டில் ஆடுகளோடு தனியாக இருந்தாள். ஒரு நாள் பானெட்டைத் திறந்தாள். அணில் கூடு இருந்தது. அதை எடுத்து வேலிமேல் வைத்துவிட்டு, நசீமாவைத் தேடிப் போனாள்.

பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று நசீமா வருவார். காட்டுவார், போய்விடுவார். மற்ற நாட்களில் அஞ்சுகம் தனியாகச் செய்வாள்.

ஊர் பேசியது. அஞ்சுகம் லாரி கம்பெனி ஆரம்பிக்கப் போகிறாளாம், கிளீனர் வேலைக்கு ஆள் எடுக்கிறாளாம் என்றார்கள். இன்ஜின் முதல்முறை உறுமிய அன்று, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய டிராக்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

*

வெள்ளிக்கிழமைதான் ஆட்டுச் சந்தையும்.

புண்ணாக்குக் கடையில் அந்தப் பேச்சைக் கேட்ட வாரம், நசீமா வந்தபோது வாசலில் சின்னத்தம்பியின் வாடகை வேன் நின்றது. சொன்ன நேரத்துக்கு அவர் வருவதில்லை. வந்தால் காத்திருப்பதும் இல்லை. ஆடுகள் வேனை நாசம் பண்ணுகின்றன, இன்னும் இரண்டு சாக்கு விரி என்று அவர் சத்தம் போட, அஞ்சுகம் விரித்தாள். தன் ஆடுகளுக்காகத் தானே மன்னிப்பும் கேட்டாள்.

ஆடுகளை ஏற்றிக்கொண்டு வேன் சந்தைக்குக் கிளம்பியது. புழுதி எழுந்தது. அஞ்சுகம் ஓடிப் போய், பிக்கப்பின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டாள்.

நசீமா வேன் போன திசையைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு அதை உருவி, மடித்து, தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார்.

“இதை நான் கொண்டுபோறேன்.”

“மழை வந்தா வண்டி நனையுங்க்கா.”

“நனையட்டும்.”

*

முன் மட்கார்டில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அஞ்சுகம் அதில் பட்டிப் பசை வைத்து, காயவிட்டு, மேலும் வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கியிருந்தாள். கையால் தடவினால் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. விரல் முட்டி தேய்ந்து தோல் போயிருந்தது.

நசீமா தடவிப் பார்க்கவில்லை. விரலை மடக்கித் தட்டினார்.

தகடு கணீர் என்றது. விரல் பள்ளத்தின் இடத்துக்கு வந்ததும் பொத்தென்றது.

சுத்தியலை எடுத்து நீட்டினார்.

“உடைங்க.”

“அக்கா, பார்க்க நல்லாத்தானே இருக்கு.”

“நிக்கிற வண்டிக்கு இது போதும். ஓடுற வண்டின்னா, ஒரு குழில விழுந்தா உதிர்ந்துரும்.”

அஞ்சுகம் சுத்தியலை வாங்கவில்லை. இது ஒரு மாத வேலை என்றாள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள் என்றாள். அண்ணன்கூட மெச்சினார் என்றாள்.

“அண்ணன் மெச்சினாரா?”

“ஆமாங்க்கா. மண்டபத்துக்கு வர்றவங்க அசந்துருவாங்கன்னு…”

அவள் நிறுத்திக்கொண்டாள்.

நசீமாவின் கை நீட்டியபடியே இருந்தது.

அஞ்சுகம் சுத்தியலை வாங்கினாள். முதல் அடியிலேயே பட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் பள்ளம் அப்படியே இருந்தது. நசீமா பின்பக்கம் இரும்புக் கட்டியை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து தினமும் தட்டும் சத்தம் கேட்டது. தகடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முழுவதும் மட்டமாகவில்லை. வெயில் சாய்ந்து விழும்போது உற்றுப் பார்த்தால் அலை தெரிந்தது.

அடுத்த முறை நசீமா தட்டியபோது மட்கார்டு முழுக்க ஒரே சத்தம் வந்தது.

*

வண்ணம் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா வைத்திருந்த அதே மங்கல் பச்சைதான் அடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

அஞ்சுகம் மஞ்சள் வாங்கி வந்தாள்.

“ஏன் மஞ்சள்?” என்றார் நசீமா.

“தூரத்துல வர்றப்பவே தெரியணுங்க்கா.”

நசீமா முதல்முறையாகச் சிரித்தார். அடுத்த வாரம் வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் இரும்புக் குழாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எதற்கென்று சொல்லவில்லை. ஆட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெல்டிங் மெஷினையும் டிரில்லையும் விட்டுவிட்டுப் போனார்.

அஞ்சுகம் மஞ்சள் அடித்து முடித்தாள். பின்பெட்டியின் உட்பக்கம்கூட மின்னியது. அதில் இலை விழுந்தால் எடுத்துப் போட்டாள். ஒரு கோழி ஏறி நின்றதற்கு அதை வேலி வரை துரத்தினாள்.

*

அண்ணன் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். பச்சை இல்லாதது மட்டும்தான் குறை என்றார். பிறகு, மஞ்சளும் கல்யாணத்துக்கு மங்களகரம்தான் என்று அவரே தேற்றிக்கொண்டார்.

“அம்மிணி, வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு. மாலை போட்டுக் கொண்டுபோயிரலாம். அப்பா பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“அண்ணா, வண்டி என் பேர்ல இருக்குதுங்க.”

“இருக்கட்டும். உன் பேரையும் போர்டுல எழுதிரலாம்.”

அவர் விட்டுக்கொடுத்தது போலச் சிரித்தார். உண்மையிலேயே விட்டுக்கொடுத்ததாகத்தான் நினைத்தார்.

அவர் கார் மறைந்ததும் அஞ்சுகம் பட்டறைக்குப் போனாள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை வராரு.”

நசீமா ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

“கதவைப் பூட்டட்டுமா? போலீஸ்ல சொல்லட்டுமா? இல்ல, நீங்க வந்து ஒரு வார்த்தை பேசறீங்களா? என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க.”

“நான் முதல்லயே கேட்டுட்டேன்” என்றது ஜீப்பின் அடியிலிருந்து குரல்.

அஞ்சுகம் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பினாள்.

கேட்டைத் திறந்ததும் ஆடுகள் கத்தின. கொட்டகைச் சுவரில் குழாய்கள் சாய்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் வண்டி வெயிலில் மின்னிக்கொண்டு, காலியாக நின்றது.

அஞ்சுகம் அதைப் பார்த்தாள். ஆடுகளைப் பார்த்தாள்.

டிரில்லை எடுத்து, பின்பெட்டியின் விளிம்பில், புது மஞ்சளின் மேல் வைத்து அழுத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை லோகநாதன் வந்தார். பைக்கில் போட்டோகிராபர் பின்தொடர்ந்தார். காரின் டிக்கியிலிருந்து ஆள் உயரச் சாமந்தி மாலை ஒன்று இறங்கியது.

பிக்கப் கேட்டைப் பார்த்தபடி நின்றது. முன் இருக்கையில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் நசீமா உட்கார்ந்திருந்தார். லோகநாதன் அவருக்குத் தலையசைத்துவிட்டு, மாலையை பானெட்டின் குறுக்கே கட்டினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதற்குப் பிறகுதான் பின்பக்கம் போனார்.

பெட்டியைச் சுற்றி இடுப்புயரத்துக்கு, குழாய்களால் கட்டிய கம்பி அடைப்பு நின்றது. வெல்டிங் முடிச்சுகள் கரடுமுரடாக இருந்தன. குழாய் இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் உரிந்து இரும்பு தெரிந்தது.

“இது என்ன அம்மிணி?”

அஞ்சுகம் கொட்டகையைத் திறந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

“சின்னத்தம்பி வேன் இன்னும் வரலியா?” என்றார் அவர்.

“வர வேண்டாம்னு சொல்லிட்டனுங்க.”

பின்கதவை இறக்கி, ஒரு பலகையைச் சாய்த்தாள். பெரிய கிடா முதலில் ஏறியது. ஏறி நின்று ஒரு தடவை சுற்றியது. குளம்பு தகட்டில் கீறும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“பெயிண்டு, அம்மிணி, பெயிண்டு.”

“பெயிண்டுதாங்கண்ணா.”

மற்ற ஆடுகள் கிடாவின் பின்னால் ஏறின. ஒன்று ஏறியதுமே புழுக்கை போட்டது. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். லோகநாதன் பார்த்த பார்வையில் கீழே இறக்கினார்.

அஞ்சுகம் பலகையை எடுத்து உள்ளே போட்டாள். பின்கதவைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினாள். முன்னால் வந்து ஏறி, சாவியைத் திருப்பினாள்.

லோகநாதன் வண்டியின் முன்னால் வந்து நின்றார்.

“இது அப்பா வண்டி.”

“ஆமாங்கண்ணா. அப்பா இதுல ஆடுதான் ஏத்துனாரு.”

“நீ ஓட்டிக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுங்க.”

“நான் மண்டபத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், அம்மிணி.” குரல் இறங்கியிருந்தது.

அஞ்சுகம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“சந்தைக்குப் போறோங்கண்ணா. வர்றதா இருந்தா ஏறுங்க.”

அவர் முன் இருக்கையைப் பார்த்தார். நசீமா நகரவில்லை. மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது.

அவர் பின்பெட்டியைப் பார்த்தார். கிடா கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அவரைப் பார்த்தது.

லோகநாதன் ஒதுங்கி நின்றார்.

அஞ்சுகம் கியரில் கை வைத்தாள். எதிரே, கண்ணாடிக்குக் கீழே சாமந்தி மாலை இன்ஜினின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்தாள்.

இறங்கிப் போய் மாலையை அவிழ்த்தாள். பின்பக்கம் கொண்டுபோய், கம்பிக்கு மேலாக ஆடுகளுக்குப் போட்டாள்.