கையெழுத்துப் போடாமல் உள்ளே வந்த தண்ணீர்

புத்தியைத் தலையில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது, எங்காவது நோட்டில் எழுதிப் பூட்டிவிட வேண்டும் என்று நம்புகிற நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் குடியிருந்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ஆம்பல்குளம் நகர். பெயருக்குள் குளம் எதற்கு உட்கார்ந்திருக்கிறது என்று மனை வாங்கும்போது ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அங்கே சாமிக்கு அடுத்தது விசிட்டர் நோட்டு. யார் உள்ளே வந்தாலும் பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் அதில் ஏற வேண்டும். சங்கத் தலைவர் திருஞானம் ஏதோ ஒரு ஆபீசின் பழைய கோப்புகளுக்கு நடுவே முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய சொந்த மருமகன் தலைதீபாவளிக்கு வந்தபோது, எங்கிருந்து என்ற கட்டத்தில் 'வீட்டிலிருந்து' என்று எழுதிவிட்டதால் பட்டு வேட்டியோடு இருபது நிமிஷம் கேட்டுக்கு வெளியே நின்றார். மாமனார் பால்கனியிலிருந்து அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நகருக்குப் பின்னால் ஸ்வர்ண சிகரம் வில்லாஸ் என்று ஒன்று முளைத்தது. லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, தரையை நாலடி உயர்த்தி, மேலே வெள்ளை வெள்ளையாக வீடு கட்டினார்கள். அங்கே பெய்த மழை எங்கே போகும்? கீழேதான் வரும். கீழே ஆம்பல்குளம் நகர். அதிலும் கீழே பதினேழாம் நம்பர், பூரணியின் வீடு.

பூரணி முன்ரூமில் இரண்டு பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தார். ஐப்பசி முதல் மழையில் ஒரு கிரைண்டரின் மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்து, அது புகைவிட்டுச் செத்தது. மிச்சம் இருப்பது ஒன்று. அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். இதைப் பூரணி சங்கக் கூட்டத்தில் மூன்று தரம் சொன்னார். செயலாளர் தணிகைமலை மூன்று தரமும் எழுதிக்கொண்டார்.

தலைவரும் செயலாளரும் பூரணியைக் கூட்டிக்கொண்டு பேரூராட்சி இன்ஜினியரிடம் போனார்கள். இன்ஜினியர் நல்ல மனுஷர். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் வாயைத் திறந்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு.

"தண்ணி எங்கேயிருந்து வருது, எத்தனை மணிக்கு வருது, எப்போ போகுதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. எவ்வளவு ஏறுதுன்னு ஒரு கோடு போட்டு வைங்க. அதை வெச்சு வடிகாலுக்கு ஆர்டர் போட்டுடலாம்" என்றார்.

நோட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலைவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. திரும்பி வந்த முதல் வேலையாக, தண்ணீரையும் விசிட்டர் நோட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அடுத்த மழை செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. வாட்ச்மேன் சின்னக்கண்ணு முன்கேட்டில் குடை பிடித்து, நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக நின்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருத்தரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தெருவெல்லாம் தண்ணீர். பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் முஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக உள்ளே நுழைந்திருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. பூரணியால் அங்கே வர முடியவில்லை, வீட்டில் கிரைண்டரைச் செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எல்லாருக்கும் கொதிப்பு. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு இல்லை.

"அதாவது, வர்றதைப் பத்தி ஒண்ணும் இல்லை. அதாவது, கேட் இருக்கும்போது ஓட்டை வழியா வர்றது என்ன பழக்கம்?" என்றார் தலைவர். அவருக்கு அதாவது போடாமல் கொட்டாவிகூட வராது.

"ஓட்டை குறுகலா இருக்கறதால நிதானமா நின்னு பதிவு பண்ண வசதியில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்" என்றார் தணிகைமலை. அவருடைய அபிப்பிராயம் எல்லாமே தாழ்மையானது. உயரமாக ஒன்றுகூட இதுவரை வெளிவந்ததில்லை.

ஆகவே ஓட்டையை அடைக்காமல், சுவரை மூன்றடி அகலத்துக்கு இடித்து, அங்கே ஒரு கேட் போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கேட் போட்டார்கள். பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. 'விருந்தினர் பதிவு செய்துவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு போர்டு. பூரணி வந்து பார்த்தார். முன்னே கை நுழைகிற இடத்தில் இப்போது எருமை நுழையலாம்.

"ஏண்ணே, அடைக்கச் சொன்னா திறந்து விட்டிருக்கீங்களே?" என்று தணிகைமலையிடம் கேட்டார்.

"இது முறையான வழிம்மா. இனி திருட்டுத்தனமா வராது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் முறையான வழியில், மூன்றடி அகலத்தில், மேஜையையும் நாற்காலியையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. சின்னக்கண்ணு நோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழுதினான். பெயர்: தண்ணீர். எங்கிருந்து: ஸ்வர்ண சிகரம். வந்த நேரம்: காலை 9.40. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் கொஞ்சம் தடுமாறினான். பிறகு அது போகிற திசையைப் பார்த்துப் பதினேழாம் நம்பர் என்று எழுதினான். கையெழுத்துக்கு, அந்தப் பக்கத்தின் ஓரத்தைத் தண்ணீரில் ஒரு தரம் முக்கி எடுத்தான். தலைவர் அதைச் சரிபார்த்து, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பது செல்லும் என்று ஒப்புக்கொண்டார்.

கோடு போடுகிற வேலை தணிகைமலையுடையது. சுவரில் போட அவருக்கு மனசு வரவில்லை, பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தெருமுனையில் காலியாக நின்ற நீல பிளாஸ்டிக் டிரம்மில், தண்ணீர் தொட்ட இடத்தில் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டு வந்தார். மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார். சாயந்திரம் பூரணியின் வீட்டுக்கு வந்து, வாசலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நல்ல செய்தி சொன்னார். காலையில் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு இம்மிகூட ஏறவில்லையாம்.

"அந்த டிரம் எங்கண்ணே இருக்கு?" என்றார் பூரணி.

"தோ, உங்க பின்னாடிதான் மிதந்துட்டு வருது."

"முட்டி வரைக்கும் இருந்த தண்ணி இப்போ என் இடுப்புல இருக்கு."

தணிகைமலை டிரம்மைப் பார்த்தார். பூரணியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்படின்னா உங்க வீடுதான் இறங்கியிருக்கணும்மா. அதுக்குத் தனியா ஒரு மனு எழுதிக் குடுங்க."

பூரணி அன்றைக்கே செல்போனை எடுத்து, கேட்டையும் டிரம்மையும் தன் வீட்டு முன்ரூமையும் படம் பிடித்து இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டார். சங்கத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் படங்களையும் கேட்டில் நிறுத்திக் கையெழுத்து கேட்பார்கள்.

மூன்று நாள் ஆயிற்று, தண்ணீர் வடியவில்லை. நோட்டில் போன நேரம் என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. தலைவருக்குத் தூக்கம் வரவில்லை. விருந்தாளி யாராக இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் வீட்டுக்காரர் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பூரணி தெரிவிக்கவில்லை. உடனே ஒரு நோட்டீஸ் போயிற்று. தங்கள் இல்லத்துக்கு வந்திருக்கும் தண்ணீர் என்பவர் மூன்று நாட்களாக அனுமதியின்றித் தங்கியிருப்பதாகத் தெரிகிறது, அவருக்கும் தங்களுக்கும் என்ன உறவு என்று ஏழு நாளுக்குள் விளக்கவும் என்று அதில் இருந்தது. அதைப் படகு மாதிரி மடித்துவிடாமல் இருக்கப் பூரணி எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

வானிலைக்காரர்கள் புதன்கிழமை பெருமழை என்று சொல்லிவிட்டார்கள். செங்கலுக்குமேல் மேஜை, மேஜைக்குமேல் கிரைண்டர் என்று ஏற்றியாயிற்று, இனி ஏற்றினால் ஃபேன் இடிக்கும். பூரணி அந்த நோட்டீஸை இன்னொரு தரம் எடுத்துப் படித்தார். பிறகு விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அதுக்கும் எந்த உறவும் இல்லை. அது யாருன்னே எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு அதை அனுப்ப வேண்டாம். பதினோராம் விதியைக் கொஞ்சம் படிங்கண்ணே."

தணிகைமலை படித்தார். வீட்டுக்காரர் பார்க்க மறுக்கும் விருந்தினரும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத விருந்தினரும் தலைவரைப் பார்க்கவும்.

தலைவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை, மருமகன்கூட இப்போது வருவதில்லை.

"அதாவது, விதின்னா விதிதான். அதாவது, வரட்டும், நான் பேசிக்கறேன்" என்றார்.

பின்கேட்டிலிருந்து தலைவர் வீடு வரைக்கும் ரோட்டில் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி போட்டார்கள். 'தலைவர் இல்லம் இவ்வழி' என்று நாலு இடத்தில் எழுதினார்கள். பூரணி கைகட்டி வேடிக்கை பார்த்தார்.

"கைநாட்டு வெச்ச ஆளுக்கு இதையெல்லாம் படிக்கத் தெரியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

கமிட்டி திடுக்கிட்டது. மறுபடி கூட்டம். படிக்காதவர்களைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும், தண்ணீருக்குக் கை கிடையாது, ஆகவே காலுக்கு வழி பண்ண வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்து முடிவெடுத்தார்கள். ஆள் விட்டு, பின்கேட்டிலிருந்து தலைவர் வாசற்படி வரைக்கும் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். விருந்தாளி பழக்கதோஷத்தில் பதினேழாம் நம்பர் பக்கம் திரும்பிவிடாமலிருக்க, பூரணி வீட்டில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, வாசலில் நாற்பது மணல் மூட்டை அடுக்கினார்கள். மூட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தலைவரே மிதித்துப் பார்த்தார். தன் வீட்டு வாசற்படி தடுக்கிறது என்று அதையும் உடைக்கச் சொன்னார்.

புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு மழை வந்தது. தண்ணீர் பின்கேட்டில் நுழைந்து, வாய்க்காலில் இறங்கி, அக்கம்பக்கம் திரும்பாமல் நேராகத் தலைவர் வீட்டுக்குள் போயிற்று. இத்தனை ஒழுங்கான விருந்தாளியை அந்த நகர் பார்த்ததேயில்லை. தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் நின்று வரவேற்றார். கால்மணி நேரத்தில் சோபா எழுந்து நின்றது. அரைமணி நேரத்தில் ஃபிரிட்ஜ் நடந்து வந்தது. தலைவரின் மனைவி சுலோசனா பூஜை படங்களை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். போகும்போது கணவரைப் பார்த்து ஒன்று சொன்னார், அதை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

தலைவர் மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கிருந்து சின்னக்கண்ணுக்குப் போன் போட்டார்.

"அதாவது, நான் வீட்ல இல்லைன்னு எழுதிடு."

சின்னக்கண்ணு எழுதினான். எழுதியதை வாய்க்கால் கரையில் குனிந்து நின்று தண்ணீருக்கு ஒரு தரம் வாசித்தும் காட்டினான். அது கேட்கிற மாதிரி தெரியவில்லை.

சிக்கல் அப்புறம்தான். நோட்டில் தலைவர் வீட்டில் இல்லை என்று ஏறிவிட்டது. இப்போது அவர் கீழே இறங்கி வந்தால் நோட்டு பொய்யாகிவிடும். அந்த நோட்டில் இருபத்தாறு வருஷமாக ஒரு பொய் கிடையாது. தலைவர் மாடியிலேயே தங்கினார். தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டார். சுலோசனா எதிர்வீட்டிலிருந்து கூடையில் சாப்பாடு அனுப்ப, தலைவர் அதைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொண்டார். விசாரித்தவர்களிடம், வெளியூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று அவரே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்தார். பூரணி அனுப்பிய படங்களை மேலதிகாரிகளிடம் காட்டி, வடிகாலுக்கு ஆர்டர் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். சங்கத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். சின்னக்கண்ணு அவரை நிறுத்தி யாரைப் பார்க்க என்று கேட்டான். தலைவரை என்றார்.

"அவர் வீட்ல இல்லை சார்."

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். தலைவர் மேலே வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அதோ நிக்கிறாரேப்பா."

"நோட்டுல இல்லை சார்."

"சரி, எங்கே போயிருக்காருன்னாவது போட்டிருக்கா?"

சின்னக்கண்ணு பக்கத்தைப் புரட்டினான். இன்னொரு தரம் புரட்டினான். "கேட்டை விட்டு வெளியே போனதாவும் என்ட்ரி இல்லை சார். வீட்லயும் இல்லை, வெளியிலயும் இல்லை."

மாடியில் வாழைப்பழம் பாதியில் நின்றது.

"அதாவது," என்றார் தலைவர், "அப்போ நான் எங்கே இருக்கேன்?"

இன்ஜினியர் பூரணியின் கடைக்கு வந்து நின்றார். மேஜையிலிருந்து இறக்கிவைத்த கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஆர்டர் திரும்பிப் போய்விடுமே, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒன்றும் அவசரம் இல்லை சார், வாய்க்காலை நல்லாவே வெட்டியிருக்காங்க என்று சொல்லி, பூரணி அவருக்கு ஒரு கிலோ மாவு கட்டிக் கொடுத்தார்.

தலைவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க அன்று சாயந்திரமே சங்கத்தின் அவசரக் கூட்டம் அவர் வீட்டு வாசலில், வாய்க்காலின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு நடந்தது. தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று தணிகைமலை தாழ்மையாக ஆட்சேபித்தார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே, தலைவர் வராத காரணத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கும் தீர்மானத்தை மாடியிலிருந்து தலைவர் முன்மொழிந்தார்.