அழுகிற குழந்தையின் மூச்சு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. தான் தோற்றதை ஒரு பேராசிரியர் தானே சொல்லித் திரிவாரா? சொன்னவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஞானசிகாமணியேதான்.

மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வில், இருமல் கண்ட குழந்தை ஒன்று அவரைப் பார்த்து வீறிட்டது. "மூச்சை எண்ணு. தப்பினா ஃபெயில்," என்று மாணவியிடம் உறுமினார் அவர். அழும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். மூச்சின் வேகத்தை வைத்துத்தான் நிமோனியாவா என்று சொல்ல முடியும்.

மாணவி பூங்கோதை பணிவாகக் கேட்டாள்: "சார், கொஞ்சம் வெளியே நிக்கிறீங்களா?"

"என்ன திமிர்!"

"உங்களைப் பார்த்தா எங்களுக்கே அழுகை வருது சார். அதுக்கு ஒரு வயசுதான்."

அவர் வராந்தாவுக்குப் போனதும் குழந்தை அடங்கியது. அவள் எண்ணி, நிமோனியா என்றாள். சரியான பதில், பாஸ்.

சென்ற மாதமும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கேட்டேன்: "அவளுக்கு முன்னாடி எத்தனை பேரை ஃபெயில் ஆக்கினீங்க, சார்?"