தளவாயின் கட்டைவிரல்

சளப். சர்ர்ர்... சளப். சர்ர்ர்...

வெண்கரை அரண்மனையில் அந்த மாதம் எங்கே நின்றாலும் இந்தச் சத்தம்தான். சட்டியில் மட்டையை முக்குவது சளப். சுவரில் இழுப்பது சர்ர்ர். இளவரசிக்குக் கல்யாணம் என்று அந்தப்புரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள் மூக்காயி. அரசர் பூவராக ராயர் அந்தச் சத்தத்தைத் தாலாட்டாக்கிக்கொண்டு சபையிலேயே கண் அயரப் பழகியிருந்தார். அதனால் ஒரு நாள் காலையில் அது நின்றதும் திடுக்கிட்டு விழித்தார்.

“சத்தம் ஏன் நின்றது?”

சத்தம் போட்டவளையே பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே நின்றார் தளவாய் கோதண்டம். ஊர்க்காவல் முதல் அந்தப்புரக் காவல் வரை அவர் பொறுப்பு. ஒற்றர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று சொல்லி, போன மழைக்காலத்தில் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் மெழுகு வில்லையில் கட்டைவிரல் ரேகையைப் பதித்துத் தர வேண்டும். பிறகு களஞ்சியத்தில் அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் ரேகை வைக்க வேண்டும். அது பழைய வில்லையோடு ஒத்துப்போனால் அரிசி. ஒத்துப்போகாவிட்டால் ஆள்மாறாட்டம், கோட்டைக்கு வெளியே துரத்திவிடுவார்கள். முகம் ஏமாற்றும், ரேகை ஏமாற்றாது என்பது தளவாயின் கட்சி. ஊரில் எல்லோருக்கும் முகம் இருந்தது. தளவாய்க்குத்தான் அது போதவில்லை.

“மகாராஜா, இவள் மூக்காயி இல்லை. மூக்காயி பெயரைச் சொல்லி அரிசி வாங்க வந்த வேற்றாள். ஊரைவிட்டுத் துரத்த உத்தரவு வேண்டும்.”

“நான் மூக்காயி இல்லாம வேற யாரு சாமி?” என்றாள் அவள். “மழைக்காலத்துல வேலை இல்ல, விரல்ல ரேகை இருந்துச்சு. இப்ப சுண்ணாம்பு தின்னுட்டுது. அரிசி வரும்னு பிள்ளைங்க உலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க. இப்பப் போய் ஊரைவிட்டுப் போன்னா எங்கே போவேன்?”

“பார்த்தீர்களா, ரேகையை அழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒற்றர்களின் கைவரிசை இதுதான்.”

அரசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மருதப்பனைப் பார்த்தார். சபையில் மருதப்பனுக்கு இன்ன வேலை என்று கிடையாது. அரசருக்குத் தலைவலி வரும்போது அவன் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மூக்காயி அன்று வைத்த வில்லையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான் மருதப்பன். “தளவாய் சொல்வது சரிதான், மகாராஜா. இவள் மூக்காயி இல்லை.”

மூக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தளவாய் மீசையை நீவிக்கொண்டார்.

“ஆகையால் கோட்டைக் கதவுகளை உடனே சாத்தச் சொல்லுங்கள்” என்று மருதப்பன் குரலைத் தாழ்த்தினான். “யாரென்றே தெரியாத ஒருத்தி ஒரு மாதமாக மகாராணியின் அறையில் ஏணி போட்டு ஏறி இறங்கியிருக்கிறாள். எந்தச் சன்னலுக்குக் கொக்கி இல்லை என்பது வரைக்கும் பார்த்திருப்பாள். இவளை உள்ளே விட்டது யார்?”

அரசருக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது. “அந்தப்புர வாசலுக்கு யார் பொறுப்பு?”

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

“அடையாளம் தெரியாதவரை உள்ளே விட்டால் உமது சட்டம் என்ன சொல்கிறது, தளவாய்?”

“சிறை, மகாராஜா.” தளவாய் மீசையிலிருந்து கையை எடுத்தார். “ஆனால் அவசரப்படக் கூடாது. நன்றாகப் பார்த்தால் இவள் மூக்காயிதான். பல வருஷமாக எனக்குத் தெரியும். இவள் அப்பனையே தெரியும்.”

“எதை வைத்துச் சொல்கிறீர்கள் ஐயா?” என்றான் மருதப்பன்.

“அதுதான் முகம் தெரிகிறதே.”

“முகம் ஏமாற்றுமே.”

“இந்த முகம் ஏமாற்றாது.”

“நல்லது. சாட்சி சொல்கிறவரும் ரேகை வைக்க வேண்டும். அதுவும் உங்கள் சட்டம்தான்.”

ஊரெல்லாம் விரலை நீட்டச் சொன்ன தளவாயிடம் விரலை நீட்டச் சொல்ல அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் கம்பீரமாகக் கட்டைவிரலை மெழுகில் அழுத்தி எடுத்தார். மெழுகு வழுவழுவென்று சும்மா இருந்தது. விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை வெற்றிலை போடுகிறவர் அவர். சுண்ணாம்பு தடவுவது அந்தக் கட்டைவிரலால்தான்.

மருதப்பன் இரண்டு வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“ஒத்துப்போகிறது, மகாராஜா. இதிலும் ரேகை இல்லை, அதிலும் ரேகை இல்லை. சட்டப்படி இரண்டு பேரும் ஒரே ஆள். இனி இந்த அம்மாள் தளவாயின் பல்லக்கில் வீட்டுக்குப் போகலாம். மீதிச் சுவரைத் தளவாய் அடித்து முடிக்கட்டும்.”

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. அதை நிமிர்த்திக்கொண்டு, “சிரிப்பு இருக்கட்டும். இவர் நம் தளவாய்தான் என்று யார் சாட்சி சொல்வது?” என்றார்.

தளவாய் சபையைச் சுற்றிப் பார்த்தார். களஞ்சிய வாசலில் விரலைத் தேய்த்துத் தேய்த்து நின்றவர்கள்தான் அத்தனை பேரும். எல்லோரும் விட்டத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் அவர் மூக்காயி பக்கம் திரும்பினார்.

“தாயி, நீயாவது சொல்லேன்.”

மூக்காயி எழுந்தாள். அவசரப்படவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தளவாய் மாதிரிதான் இருக்கு, மகராசா. ஆனா முகத்தை நம்பக் கூடாதுங்கறாங்களே.”

“நம்பலாம் தாயி, நம்பலாம்” என்றார் தளவாய்.

“அப்ப இவருதான் சாமி. வெத்திலைக்குத் தினமும் என் சட்டியிலதான் சுண்ணாம்பு எடுப்பாரு. ஒரு நாள்கூடக் கேட்டு எடுத்ததில்ல.”

“சாட்சி செல்லும்” என்றார் அரசர். விரலில் ரேகை இல்லாதவர்களுக்கு இனி அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லே போதும் என்று அங்கேயே உத்தரவானது. மூக்காயி வீட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே அரிசி போனது. மருதப்பனுக்குப் பரிசு, வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்துக்கொள்ள வெள்ளியில் ஒரு கரண்டகம். வெற்றிலை போடாத மருதப்பன் அதைத் தளவாயின் கையில் வைத்தான்.

“இவள் சட்டி ஏழை சட்டி ஐயா. இனி இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.”

மூக்காயி அதற்கெல்லாம் நிற்கவில்லை. பாதிச் சுவரில் விட்டுவிட்டுத்தான் அரிசி வாங்கப் போயிருந்தாள். காய்ந்துவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். ஏணியில் ஏறினாள்.

சளப். சர்ர்ர்...