ஈயக்குன்றத்தார் மீட்ட விருந்தாளி

அன்பரே, நல்வழக்கத்தை விடாது பற்றுவோரைக் கண்டு உலகம் நகைக்கும். நீராவது நகையாது கேளும்.

பனிமலை உச்சியிலிருந்த ஈயக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் தோண்டினார்கள். அவர்கள் அறிந்த அறம் ஒன்றே: கீழே ஒருவர் இருக்கும்வரை மேலே எவரும் உண்ணலாகாது. ஈயம் தீர்ந்தது, சுரங்கத்தை மூடினார்கள். அறத்தை மூடவில்லை.

சிவக்கொழுந்து அம்மாள் அங்கே விடுதி கட்டிப் பனிச்சறுக்கைத் தொடங்கினார். பழைய சுரங்கத்தாரே வேலையாட்கள். முதல் விருந்தாளியாக வந்தவர் அடிவாரத்து ஜவுளிக்கடை ஆவுடையப்பர்.

"இவர் சிரித்த முகத்தோடு வீடு போய்ச் சேரவேண்டும். இல்லையேல் இன்னொருவர் வரமாட்டார், நம் உலையில் பனிதான் வேகும்" என்றார் அம்மாள்.

ஆவுடையப்பர் காலில் சறுக்குக்கட்டை பூட்டி விர்ரென்று இறங்கினார்.

"ஆள் கீழே போய்விட்டார்!" என்று அலறித் தலைவன் தொட்டப்பன் அபாயச் சங்கை ஊதினான். டோலியோடு பாய்ந்தார்கள், கட்டித் தூக்கி உச்சியில் சேர்த்தார்கள்.

"அடேய், நானாகத்தானே இறங்கினேன்!"

"தலையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஐயா" என்றாள் டோலி தூக்கிய காத்தாயி, பரிவோடு.

மறுபடி இறங்கினார், மறுபடி ஏற்றினார்கள். கடமை என்றால் இதுவன்றோ! வெகுண்டவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே நடந்தார். வீடும் கீழேதான் இருந்தது. ஏற்றினார்கள்.

"அவரைப் போகவிடுங்களப்பா!" என்று அம்மாள் கும்பிட்டார்.

கூடி ஆராய்ந்தார்கள். தொட்டப்பன் தீர்ப்புச் சொன்னான்: "தாராளமாகப் போகட்டும், அம்மா. கீழே மட்டும் போகக்கூடாது."

அந்தி சாய்ந்தது. இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள்.

"எல்லாரும் மேலேதானே?" என்று கேட்டு, தொட்டப்பன் கவளத்தை எடுத்தான்.

காத்தாயி பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தாள். ஊர்தோறும் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே! கீழே எத்தனை பேர் விழுந்து கிடக்கிறார்கள், பாருங்கள்!"

கவளங்கள் இலைக்குத் திரும்பின. "இவ்வளவு காலம் எப்படித் தின்றோம்?" என்று தொட்டப்பன் கண் கலங்கினான். "கிட்டே உள்ள வீடு எது?"

"என் வீடு!" என்று துள்ளினார் ஆவுடையப்பர். "நானே வழி காட்டுகிறேன்!"

அவரை டோலியில் வைத்தே இறங்கினார்கள். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு, வழியனுப்பிய அம்மாளுக்கு உயிர் வந்தது.

வாசலில் அவரை இறக்கிவிட்டு, அவர் மனைவியை டோலியில் ஏற்றிக் கட்டினார்கள். புறப்படுமுன் தொட்டப்பன், சுரங்க வழக்கப்படி, யாரேனும் மிச்சமா என்று விளக்கை உயர்த்திப் பார்த்தான்.

படியில் ஆவுடையப்பர் நின்றிருந்தார்.

"அடடா, காத்தாயி! ஐயா மறுபடியும் விழுந்துவிட்டார்!"