சேந்தன் வீட்டுக் கூடம் சுத்தமான கதை

பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். ஆற்றுக்குப் பாலம் என்ற ஒன்றை யாருமே கண்டிராத காலத்தில், கரையோர ஊர் ஒன்றில் சேந்தன் என்றொரு மிளகு வணிகன் இருந்தான். ஐம்பதைக் கடந்தவன். எதைச் செய்தாலும், செய்தது சரிதானா என்று பிறகு உட்கார்ந்து குமைகிறவன்.

அவன் மனைவி கோதைக்கு அந்த வழக்கமே இல்லை. அவள் வீட்டைப்போல் சுத்தமான வீடு அந்த ஊரில் கிடையாது. அதை அவளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஒரு வெள்ளத்தின்போது, மிதந்து வந்த மரத்தின்மேல் நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய் ஒன்றைச் சேந்தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். கடைத்தெருவே அவன் கருணையைப் பேசியது. கேள்விப்படாதவர்களுக்கு அவனே சொன்னான்.

கோதை ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டை அசிங்கம் செய்தால் மூன்று முறை பொறுப்பாள். நான்காம் முறை, எந்த ஆற்றிலிருந்து வந்ததோ அந்த ஆற்றுக்கே நாய் போய்விடும்.

நாய் அதுவரை எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. கூடத்துத் தூணைப் பார்த்தது. மரம் என்று நினைத்தது. காலைத் தூக்கியது.

ஊரில் தீட்டுக் கழிக்கத் தத்தனாரைத்தான் அழைப்பார்கள். வந்தார். தூணடியில் கோமியம் தெளித்தார். இது நாயின் முற்பிறவிப் பாவம், தீர்ந்தது என்றார். நாய் வந்தது. தூணடியை முகர்ந்தது. காலைத் தூக்கியது.

தத்தனார் மறுபடி வந்தார். கூடம் முழுக்கத் தெளித்தார். பாவம் நாயுடையது அல்ல, வீட்டினுடையது என்றார். நாய் வந்தது. கூடம் முழுக்க முகர்ந்தது. ஒரு மூலையும் விடாமல் காலைத் தூக்கியது.

மூன்றாம் முறை தத்தனார் குடத்தோடு வந்தார். வாசலில் தொடங்கிச் சமையலறைவரை தெளித்தார். பாவம் வீட்டுக்காரனுடையது என்றார். நாயைக் கொல்லையில் கட்டிப்போட்டார்கள். மாலையில்தான் அவிழ்த்து உள்ளே விடுவது. கோதை படகோட்டிக்கு அப்போதே ஆள் அனுப்பிவிட்டாள்.

சேந்தன் கூடத்தில் உட்கார்ந்து குமைந்தான். என்ன பாவம் செய்தேன்? இரங்கித்தான் தூக்கி வந்தேனா, இல்லை ஊர் பேசவேண்டும் என்றா? கொல்லையில் நாய் முனகியது. அதற்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது, மூக்கு ஒன்றுதான் தெரியும் என்று அப்போது தோன்றியது. சேந்தன் கையையும் காலையும் ஊன்றி, தரையில் மூக்கை வைத்தான்.

அந்தக் கோலத்தில்தான் கோதையும் தத்தனாரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஒன்று போதாதென்று நீங்களுமா?” என்றாள் கோதை.

“வீடு முழுக்க மூத்திர வாடை” என்றான் சேந்தன், தலையைத் தூக்காமல்.

“வாய் கூசவில்லையா? அது கோமியம்” என்றார் தத்தனார்.

“அது நமக்குத் தெரியும், ஐயா. நாய்க்குத் தெரியுமா?”



சேந்தன் சுடுநீரும் புளியும் கொண்டுவரச் சொல்லி, தானே மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தான். எல்லாக் கதவுகளையும் திறந்து வெயிலை உள்ளே விட்டான். குடத்தில் மிச்சமிருந்ததைக் கொல்லைப் புன்னை மரத்தடியில் ஊற்றினான்.

மாலை வந்தது. படகோட்டியும் வந்தான். நாயை அவிழ்த்து உள்ளே விட்டார்கள். தூணை முகர்ந்தது. மூலைகளை முகர்ந்தது. சமையலறையை முகர்ந்தது. ஒன்றும் புரியாமல் கொல்லைக் கதவருகே போய் நின்று முனகியது. சேந்தன் கதவைத் திறந்தான். நாய் நேராகப் புன்னை மரத்துக்கு ஓடிக் காலைத் தூக்கியது. சேந்தன் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். கோதை படகோட்டிக்குச் சோறு போட்டு அனுப்பினாள்.

தத்தனார் மட்டும் மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் பாவமெல்லாம் தம் சடங்கால் அந்த மரத்தில் இறங்கிவிட்டதாக மறுநாளே ஊருக்குச் சொன்னார். ஊரார் வந்து புன்னையை மும்முறை சுற்றிக் கும்பிட்டார்கள். அவர்கள் போனபின் நாயும் சுற்றி வந்தது. மரம் எதற்கென்று அதற்கு மட்டும் தெரியும்.

ஆகவே, தவறு யாருடையது என்று தேடிப் போகுமுன், அதைத் தீர்க்க நாம் செய்த காரியத்தை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும்.