ஒன்பதாம் நம்பர் ஷூ

ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி தணிகாசலத்தின் புதுக் காரை ஓட்டியவள் பிலோமினா. ஒருநாள் விருந்தாளிகளோடு மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் டக்டக்கென்று தட்டித் திணறியது.

"நல்ல பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய் கலந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் தணிகாசலம். "சிகாகோவுல இதே கார்தான் வெச்சிருந்தேன். தொண்ணூத்தொண்ணு ஆக்டேன் தரப் பெட்ரோல் போட்டேன், சத்தமே வராது. நம்ம பங்க்லயும் அதே தொண்ணூத்தொண்ணுதான். அப்புறம் ஏன் தட்டுது? நாளைக்குள்ள நிரூபி, இல்லேன்னா போலீஸ்!"

பிலோமினாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அழவில்லை.

"நிரூபிக்கிறேன் ஐயா. இவங்க எல்லாரும் இருக்கணும். சிகாகோவுல என்ன சைஸ் ஷூ வாங்குவீங்க?"

"ஒன்பது. எதுக்கு?"

மறுநாள், சேலத்துக் கடையில் வாங்கிய ஒன்பதாம் நம்பர் ஷூவை அவர் முன்னால் வைத்தாள். போட்டு நாலடி நடந்தார். ஒரு ஷூ கழன்று பின்தங்கியது. விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள்.

"ஒன்பதுதானே ஐயா?"

"அமெரிக்கா ஒன்பது வேற, நம்ம ஒன்பது வேற, புரியலையா?"

"பெட்ரோலும் அப்படித்தான் ஐயா. அளக்கிற முறை வேற. அந்த ஊர்த் தொண்ணூத்தொண்ணு நம்மூர்ல ஏறக்குறைய தொண்ணூத்தஞ்சு. அதுக்குக் குறைஞ்சா இந்த எஞ்சின் தட்டும்."

தொண்ணூற்றைந்து ஆக்டேன் பெட்ரோலை நிரப்பி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனாள். கார் சத்தமில்லாமல் மலையேறியது.

"சரி, விடு" என்று முணுமுணுத்தார் முதலாளி.

பிலோமினா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

"'நீ திருடலை'ன்னு சொல்லுங்க ஐயா. நேத்துக் கத்தின அதே சத்தத்துல."

சொன்னார். வண்டி கிளம்பியது.