வராத ரயிலின் நேரம்

வக்கீல் தமயந்தியின் ஆபீசில் ஜூனியருக்குத்தான் வயது அதிகம். பேங்க் மேனேஜர் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்து வந்தவர் செல்வநாதன். அவர் தமயந்தியை ‘மேடம்’ என்பார். தமயந்தி அவரை ‘சார்’ என்பார். யாரிடம் யார் தொழில் கற்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குழம்பிப் போவார்கள். செல்வநாதனுக்கு இதில் கூச்சம் உண்டு. தாமும் ஒரு வக்கீல்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பும் உண்டு.

அதற்கு வாய்த்தது மேலப்பாளை ஸ்டேஷன் ஒப்பந்தம். ஸ்டேஷன் ஒரு கம்பெனியுடையது. அங்கே ரயில் விடுவது வேறு இரண்டு கம்பெனிகள். உட்காரும் கூடமோ ஒன்றே ஒன்று. எங்கள் பயணிகளுக்கு இடமில்லை என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். பேச்சின் நடுவே நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனவர்களைச் செல்வநாதன் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார். கடைசியில் ஒரு வழியும் கண்டுபிடித்து, ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக எழுதினார்.

ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு நேரம். அந்த நேரத்தில் கூடம் அந்த ரயிலின் பயணிகளுக்கு மட்டும். நேரம் முடிந்தால் காலி செய்துவிட வேண்டும்.

இரண்டு கம்பெனிகளும் தலையாட்டின. செல்வநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“இதுல ஏதாவது குறை இருக்கா மேடம்?”

தமயந்தி நிதானமாகப் படித்தார். “கையெழுத்துக்கு மேலப்பாளையிலேர்ந்து ரயில்லயே போயிடலாம் சார்.”

“குறை இருக்கா, இல்லையா?”

“மத்தியான ரயில்ல போகலாம்.”

மேலப்பாளையில் கூடம் நிரம்பி வழிந்தது. கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்த ஒரு பாட்டியம்மா தம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இவர்களுக்கு இடம் கொடுத்தார். ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. எப்போது வரும் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

“உங்க ஒப்பந்தப்படி நம்ம ரயிலோட நேரம் முடிஞ்சுது சார். எழுந்திருங்க.”

விளையாட்டு என்று நினைத்துச் செல்வநாதன் சிரித்தார். தமயந்தி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

வெளியே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. செல்வநாதனுக்குக் கோபம் வந்தது.

“வெயில்ல நிக்கவெச்சுப் பாடம் நடத்தறீங்க, புரியுது. ஆனா அடுத்த ரயில்காரங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்களும்தானே டிக்கெட் வாங்கியிருக்காங்க?”

“நியாயம்தான் சார். ஆனா நாம ரெண்டு பேர்தானே வெளிய வந்திருக்கோம்? நம்ம ரயில்காரங்க மத்தவங்க உள்ளேயே இருக்காங்க. கூட்டிட்டு வாங்க.”

“நானா?”

“நீங்க எழுதினதுதானே?”

வீம்புக்கு உள்ளே போனார். முதலில் கண்ணில் பட்டவர் அந்தப் பாட்டியம்மாதான். எழுதும்போது தடையில்லாமல் வந்த வாக்கியம் இப்போது கெஞ்சலாக வந்தது.

“அம்மா, கொஞ்சம் எழுந்திருக்கணும்.”

பாட்டியம்மாவின் முகம் மலர்ந்தது. காலால் செருப்பைத் தேடினார். செல்வநாதனின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

“ரயில் வந்துடுச்சா தம்பி?”

“இன்னும் வரலைம்மா.”

“வரலையா? அப்புறம் எதுக்குப்பா எழுப்புனே?”

செல்வநாதனுக்கு அவமானமாக இருந்தது. “தெரியாம எழுப்பிட்டேன்மா, உட்காருங்க,” என்று மெல்ல உட்காரவைத்தார். அடுத்த ரயிலுக்கு வந்த பெண் ஒருத்தி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பாட்டியம்மா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் இடம் கொடுத்தார்.

செல்வநாதன் தனியாக வெளியே வந்தார்.

“என்னால முடியலை மேடம்.”

செல்வநாதன் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

“ஆனா இந்தப் பிரிவை எடுத்துட்டா ரெண்டு கம்பெனியும் மறுபடி எழுந்து போயிடும். என் உழைப்பெல்லாம் வீண். நீங்களே சொல்லுங்க, வராத ரயிலுக்கு ஸ்டேஷன்ல என்ன உரிமை இருக்கு?”

தமயந்தி புடவைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“ரயில் வந்துட்டா அந்தம்மாவுக்கு ஸ்டேஷன் எதுக்கு சார்?”